இரவுக் காவல்: யாரை எழுப்புவது, எப்போது?

காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டில் இரவுக் காவலை நடத்துவதற்கு அந்தப் பாரதமே நல்ல வழிகாட்டி. காட்டில் தாயும் சகோதரர்களும் உறங்க, விழித்திருக்கும் பீமனிடம்தான் இடும்பி வருகிறாள். அவன் எடுக்கும் முடிவில்தான் கதை நகர்கிறது. ஆகவே எல்லாருடைய காவலையும் விவரிக்க வேண்டாம். ஏதாவது நடக்கும் யாமத்தை மட்டும் ஆடுங்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில் நீண்ட ஓய்வு 8 மணி நேரம். அதில் 2 மணி நேரம் வரை காவல் இருக்கலாம். நால்வர் இருந்தால் முறை சரியாகப் பிரியும்.

பாரதப் போரில் அசுவத்தாமன் இரவில் பாண்டவர் பாசறையில் உறங்கியவர்களைக் கொன்றானே, அந்த ஆபத்து ஆட்டத்தில் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் பாண்டவர் ஐவரும் அன்றிரவு அந்தப் பாசறையில் இல்லை. நாயகர்கள் தூக்கத்திலேயே மடிந்திருந்தால் கதையே நின்றிருக்கும். ஐந்தாம் பதிப்பின் ஆட்ட விதிப்படி, உறங்குபவர்மீது அருகிலிருந்து விழும் அடிக்குச் சேதப் பகடை இரட்டிப்பாகும். எச்சரிக்கை தராமல் அதைப் பயன்படுத்துவது அநியாயம். காவலர் கோட்டைவிட்டால் பொருள் களவு போகட்டும், குதிரை ஓடட்டும். உயிர் போக வேண்டாம். உறங்குபவரை ஆடுகிறவருக்கும் ஒரு கனவையோ சத்தம் கேட்டு விழிக்கும் வாய்ப்பையோ கொடுங்கள். காவல் வரிசையை மட்டும் ஆட்டம் தொடங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.