நம்பிக்கைகளும் உண்மைகளும்: ரெசிடென்சிக்கு எப்போது தயாராவது?

“பக்கத்துக் கல்லூரியில் பி.ஃபார்ம். முடிக்கட்டும், ரெசிடென்சி, அமெரிக்கா எல்லாம் பிறகு பரீட்சை எழுதிப் பார்த்துக்கொள்ளலாம்.” மும்பையின் காட்கோபரில், பிள்ளையை மருந்தாளுநர் படிப்பில் சேர்க்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி, ஒரு நுழைவுத்தேர்வில் எடுத்துவிடக்கூடிய இடம் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. நடைமுறை வேறு. அமெரிக்க மருத்துவமனை மருந்தாளுநர் சங்கமான ஏ.எஸ்.எச்.பி. அங்கீகரித்த ரெசிடென்சிக்கு, வெளிநாட்டில் படித்தவர், தம் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்று காட்டும் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழோடு வர வேண்டும். அதை வழங்கும் அமெரிக்க மருந்தியல் வாரியங்களின் கூட்டமைப்பான என்.ஏ.பி.பி., 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களிடம் குறைந்தது ஐந்தாண்டு மருந்தியல் பட்டப்படிப்பைக் கேட்கிறது. நான்காண்டு பி.ஃபார்ம். அங்கேயே நின்றுவிடும், மேலே இரண்டாண்டு எம்.ஃபார்ம். படித்தாலும் அந்தக் குறை தீராது. இந்திய மருந்தியல் கவுன்சில் 2008இல் கொண்டுவந்த ஆறாண்டு ஃபார்ம்.டி. அந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது. ஆக, கதவு திறப்பதும் மூடுவதும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு எடுக்கும் முடிவிலேயே இருக்கிறது.

சரி, ஃபார்ம்.டி. சேர்ந்தாயிற்று, ஆறாம் ஆண்டு இன்டர்ன்ஷிப் வெறும் சான்றிதழுக்குத்தானே என்பது அடுத்த நம்பிக்கை. இதுதான் அதிகம் சேதம் செய்கிறது. 2008 விதிகள் அந்த ஆண்டை மிகத் தெளிவாகப் பிரித்திருக்கின்றன: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று சிறப்புத் துறைகளில் தலா இரண்டு மாதம். ஒதுக்கப்பட்ட வார்டுகளில் மாணவர் தாமே மருந்தாளுநர் சேவையைத் தர வேண்டும். ராஜாவாடியிலோ சயன் மருத்துவமனையிலோ புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். நோயாளி வீட்டில் என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்று உட்கார்ந்து கேட்க மருத்துவருக்கு நேரமில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கிய ஒருவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் எடுத்துக்கொண்டிருந்தால், வார்ஃபரினின் வேலை குறைந்துபோகும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சில ஆன்டிபயாட்டிக்குகளின் அளவைக் குறைத்தாக வேண்டும். கேஸ் ஷீட்டில் இதைக் கண்டுபிடித்து ரவுண்ட்ஸில் சொல்வதுதான் பயிற்சி. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு ரவுண்ட்ஸில் மருந்தாளுநரைச் சேர்த்தபோது, மருந்து எழுதும்போது நேரும், தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 66 சதவீதம் குறைந்தன என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ரெசிடென்சிக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது இந்தத் திறமையைத்தான். விண்ணப்பத்தில் கேட்கப்படும் பரிந்துரைக் கடிதங்கள் “ஒழுக்கமானவர், உழைப்பாளி” என்று முடிந்தால் பயனில்லை. எந்த வார்டில், என்ன சிக்கலில், என்ன சொன்னார், மருத்துவர் அதை ஏற்றாரா என்று எழுதும் வழிகாட்டி வேண்டும். அந்தக் கடிதத்தைப் பட்டம் வாங்கிய பிறகு யாரிடமும் போய் உருவாக்க முடியாது. பார்த்த கேஸ்களையும் தந்த ஆலோசனைகளையும் (நோயாளி பெயரில்லாமல்) அன்றன்றே எழுதிவைப்பதும், மருந்தின் பக்கவிளைவுகளை 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு முறையாகத் தெரிவிப்பதும் அந்த ஆண்டிலேயே நடக்க வேண்டியவை.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் நியாயம் இருக்கிறது. விசா முதலாவது. பல அமெரிக்க மருத்துவமனைகள் வெளிநாட்டவருக்கு விசா ஏற்பாடு செய்வதில்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுகின்றன. எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழுக்கான எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வு, ஆங்கிலத் தேர்வான டோஃபல், உரிமத் தேர்வு எல்லாம் முடித்தும் இடம் கிடைக்காமல் போகலாம். ஆகவே ரெசிடென்சியை மட்டும் நம்பி வீட்டை அடகு வைப்பது தவறு என்றே நான் சொல்வேன். கட்டணம் இரண்டாவது. ஆறாண்டுத் தனியார் கட்டணம் எல்லாக் குடும்பத்துக்கும் தாங்காது, பி.ஃபார்ம். முடித்து வேலைக்குப் போவது தோல்வி அல்ல. வார்டு வேலையில் ஆர்வம் பிறகு வந்தால், பி.ஃபார்ம். முடித்தவர்களுக்கு மூன்றாண்டு ஃபார்ம்.டி. இந்தியாவில் இருக்கிறது.

அப்படியானால் அமெரிக்கா போகாதவருக்கு இந்த உழைப்பு வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. எம்.டி.க்கு இருப்பதுபோல ஃபார்ம்.டி. முடித்தவர்களுக்கு நாடு தழுவிய ரெசிடென்சிச் சேர்க்கை நம்மிடம் இல்லாததால், ஆறாம் ஆண்டில் கற்றதுதான் இங்கே ஒருவரின் முழு முதலீடு. மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரத் தரநிலைகளில் மருந்து மேலாண்மைக்குத் தனி அத்தியாயம் உண்டு. அங்கீகாரம் தேடும் மருத்துவமனைகளுக்கு மருந்துச் சீட்டைச் சரிபார்க்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். ஆகவே கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எந்த மருத்துவமனையோடு இணைப்பு, அங்கே எத்தனை படுக்கைகள், ஆறாம் ஆண்டு மாணவர்கள் மருத்துவரோடு தினமும் ரவுண்ட்ஸ் போகிறார்களா, அவர்களை வார்டில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர் யார் என்று கேளுங்கள்; முடிந்தால் இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரிடமும் அதையே கேளுங்கள்.