செங்காந்தள்: மருந்தும் நஞ்சும்

நம் மாநில மலராகிய செங்காந்தளை ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் உழவர்கள் பயிரிட்டு, விதையை மருந்துத் தொழிலுக்கு விற்கின்றனர். அவ்விதையிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள் ‘கவுட்’ என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகும். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகத் தங்கினால், இரத்த வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வீக்கமும் வலியும் உண்டாக்குகின்றன. கோல்சிசின் அதனைத் தடுக்கிறது.

ஆயினும் ஒரு மாத்திரையில் அதன் அளவு 0.5 மில்லிகிராமே. விதையையோ கிழங்கையோ அரைத்து உண்பவர் அளவறிய வழியில்லை. மிகுந்தால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தோன்றும். பின்னர் உயிரும் போகலாம். வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு மாண்டோரும் உண்டு.

ஆதலின் கிழங்கையும் விதையையும் பூட்டி வைப்போம். உண்டவரை, வாந்தி நின்றுவிட்டாலும், தாமதமின்றி மருத்துவமனையில் சேர்ப்போம். ஊராட்சி உறுப்பினர்கள் இதனை வீடுதோறும் அறிவித்தல் வேண்டும்.