அசையாத காந்தாரமும் ஒரு துண்டுக் கறுப்புத் தாளும்

எங்கள் பஜனைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். போன வருஷம் ஒரு தோடி ராகப் பாட்டு முடிந்ததும், முன்வரிசையில் இருந்த மாமா ஒருவர் சொன்னார்: "தம்பி, அக்கா பாடுற 'க' அசையுது. உன்னோடது விளக்குக் கம்பம் மாதிரி நிக்குது!" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் படிப்பதோ மின்னணுப் பொறியியல். ஏன் நிக்குதுன்னு எனக்கே சொல்லத் தெரியவில்லை. அது உறுத்தியது.

தேடிப் பார்த்தேன். பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டபின் இரண்டாவது தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்தே நாம் அடித்த வேகம் கணக்கிடப்படுகிறது. 1983-இல் வந்த மிடி முறையில் அது 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் போகும். அவ்வளவுதான். அதன் பிறகு விரல் என்ன செய்தாலும் சாதாரணக் கட்டைக்குத் தெரியாது. கமகமோ அதன் பிறகுதான் தொடங்குகிறது!

சரி, நாமே செய்வோம் என்று ஜாலான் பாசார் கடைகளுக்குப் போனேன். செம்பு டேப், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஓர் ஆர்டுயினோ மைக்ரோ. முக்கியமான பொருள் வெலோஸ்டாட் என்ற கறுப்புத் தாள். அழுத்தினால் அதன் மின்தடை குறையும். இரண்டு செம்பு டேப்புகளுக்கு நடுவே அதை வைத்து, ஒரு ரெசிஸ்டரோடு தொடராக இணைத்தால், அழுத்தம் மின்னழுத்தமாக மாறும். ஆர்டுயினோ அதை 0 முதல் 1023 வரை படிக்கும்.

ஒவ்வொரு கட்டைக்கும் இடது, வலது என இரண்டு சென்சார் வைத்தேன். இரண்டின் கூட்டுத்தொகை அழுத்தத்தைச் சொல்லும். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். 12 கட்டைக்கு 24 சென்சார். போர்டில் இருப்பதோ 12 அனலாக் உள்ளீடுகள்தான். அதனால் 16 வழி மல்டிபிளெக்ஸர் இரண்டு சேர்த்தேன்.

முதல் சோதனை படுதோல்வி. இடது கையில் ச, ப பிடித்துக்கொண்டு வலது கையில் காந்தாரத்தை அசைத்தால், ச-வும் சேர்ந்து ஆடியது. சுருதியே போச்சு! காரணம் எளிது: மிடியில் பிட்ச் பெண்ட் என்பது ஒரு சுரத்துக்கு உரியது அல்ல, ஒரு சேனல் முழுவதற்கும் உரியது. இதற்குத் தீர்வுதான் 2018-இல் தரமாக ஏற்கப்பட்ட எம்பிஇ. இருக்கும் 16 சேனலில் ஒன்று பொதுவுக்கு. மீதி 15-இல் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல். அப்படி மாற்றியதும் ச அசையாமல் நின்றது, க மட்டும் அசைந்தது. இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி மென்பொருளே இதைப் புரிந்துகொள்ளும்.

இன்னொரு பாடம். விரல் கட்டையின் நட்டநடுவில் விழவே விழாது. அதனால் விரல் விழுந்த இடத்தையே பூஜ்யமாக எடுத்து, அங்கிருந்து நகர்வதை மட்டும் அளக்க வேண்டும். மிகச் சிறிய நகர்வுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இல்லையென்றால் சுரம் குளிர்ஜுரம் வந்தது போல நடுங்கும்.

கருவியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். வாசித்துக் காட்டியதும், "அசையுதுடா, ஆனா தோடி இல்லையே" என்றார். பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஒரு சுரத்தை முதலில் என்னைப் பாடவைத்தார். எங்கே தொடங்கி எதுவரை போய்த் திரும்புகிறது என்று காதுக்குப் புரிந்த பிறகுதான் விரலுக்கும் புரிந்தது. என் புரோகிராமில் அது இல்லை.

முயற்சி செய்ய ஆசையா? 12 கட்டை வேண்டாம், ஒரே ஒரு கட்டை செய்யுங்கள். செய்வதற்கு முன் ஒருமுறை பாடிப் பாருங்கள்.