ஆயுதம் எடுக்காத ஆசான்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

மாயமும் மந்திரமும் நிறைந்த நாடகங்களில் நம் நெஞ்சைக் கவர்பவன் யார்? வாளேந்திய வீரன்தான் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீரனுக்குப் பக்கத்தில் ஒருவர் புன்னகையோடு நிற்பார். நினைத்தால் எல்லாவற்றையும் நொடியில் முடித்துவிடக் கூடியவர், ஆனால் முடிக்கமாட்டார். என் கண்கள் அவரைத்தான் தேடுகின்றன. 1957-இல் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தை விடுதியில் கைப்பேசியில் பார்த்தோம். கடோற்கசனாக வரும் ரங்காராவைக் கண்டு நண்பர்கள் கைதட்டினார்கள். நான் கண்ணனாக வரும் என்.டி.ராமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டைக் கலக்குபவன் கடோற்கசன், ஆட்டிவைப்பவன் கண்ணன். முகத்தில் ஒரு பதற்றம் இருக்கவேண்டுமே!

எல்லாம் வல்ல ஒருவர் கதைக்குள் வந்துவிட்டால் முதல் காட்சியிலேயே திரை விழுந்துவிடாதா? ஆகவே கதை சொல்பவர்கள் அவர் கையைக் கட்டிப்போடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், 1954-இல் வெளிவரத் தொடங்கிய தம் மோதிரக் கதையில், மந்திரவாதி காண்டால்ஃபை வழியிலேயே ஒரு பாதாளத்தில் விழச் செய்துவிடுகிறார். உடன் வந்த சிறியவர்கள் தாமே நடக்கவேண்டியதாகிறது. பாரதம் செய்திருப்பது இதைவிட நுட்பமானது.

துரியோதனனும் அர்ச்சுனனும் துவாரகைக்குத் துணை தேடிப் போகிறார்கள். கண்ணன் உறங்குகிறான். ஒருவன் தலைமாட்டில் அமர்கிறான். மற்றவன் கால்மாட்டில் நிற்கிறான். “ஒரு பக்கம் என் சேனை, மறுபக்கம் ஆயுதம் தொடாத நான்” என்கிறான் கண்ணன். அர்ச்சுனன் சேனையை விட்டு ஆளைக் கேட்கிறான். கிடைத்தது ஒரு தேரோட்டி! நிலையாற்றல் என்று வகுப்பில் படிக்கிறோம். அணையில் நிற்கும் நீர் அசைவதில்லை. ஆனால் அதற்குள் எவ்வளவு ஆற்றல் தேங்கியிருக்கிறது என்பது அடிவாரத்தில் குடியிருப்பவனுக்குத் தெரியும். போரின் மூன்றாம் நாள், பீஷ்மரை எதிர்த்து அர்ச்சுனன் மனமிளகிப் போரிடுவதைப் பொறுக்காமல், கண்ணன் தேரிலிருந்து குதித்துச் சக்கரத்தோடு பாய்கிறான். அர்ச்சுனன் ஓடிப்போய்க் காலைப் பிடித்து நிறுத்துகிறான். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பவர் இந்த இடத்திற்கு வந்தால், தூங்கி வழிகிற கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த ஈர்ப்புக்கு என்னளவில் ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. எந்தப் படிப்பில் சேர்வது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று கேட்க ஆளில்லை. விவரம் அறிந்த ஒருவர் பதறாமல் பக்கத்தில் நின்றால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன். அப்படி ஒருவர் ஊரில் இருக்கத்தான் செய்தார். உதவித்தொகைக்கு மனுப்போடக் கடைசி நாள் எது என்று அவருக்குத் தெரியும். நாள் கழிந்தபின் போய் நின்றேன். “நீயே தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்லல, தம்பி” என்றார், சிரித்த முகத்தோடு. அந்த ஆண்டு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அதன்பிறகு காந்தாரியை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். வியாச பாரதத்தின் ஸ்திரீ பருவத்தில், நூறு பிள்ளைகளையும் இழந்த அந்தத் தாய் போர்க்களத்தில் நின்று கண்ணனைக் கேட்கிறாள்: வல்லமை இருந்தும் ஏன் தடுக்காமல் இருந்தாய்? 36-ஆம் ஆண்டில் உன் குலமும் அழியும் என்று சபிக்கிறாள். கண்ணன் மறுக்கவில்லை. அந்த அமைதிக்கும் ஒரு விலை இருக்கிறது. ஆனாலும் ஊர்ப் பெரியவரையும் கண்ணனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போருக்கு முன் அத்தினாபுரத்துக்குத் தூது போனவன் அவன். ஐந்து ஊராவது கொடு என்று எதிரியின் சபையில் நின்று கேட்டான். வரப்போகும் அழிவை வாய்விட்டுச் சொன்னான். கட்டியிருந்தது கையைத்தான், நாவை அல்ல.

சென்ற பருவத்தில் ஒருநாள் ஆய்வகத்தில் நிறமாலைமானியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். சோடியம் விளக்கு எரிகிறது. தொலைநோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பேராசிரியர் பின்னால் கைகட்டி நின்றார். அவர் தொட்டிருந்தால் அரை நிமிட வேலை. தொடவில்லை. “பிளவு திறந்திருக்கிறதா பார். பிறகு அந்தத் திருகு” என்றார். அடுத்த மேசைக்கும் போகவில்லை, அங்கேயே நின்றார். மணி மூன்றேகாலுக்கு மஞ்சள் கோடு தெரிந்தது.