முன்பணம் லாபமன்று, கடன்



கல்யாண மளிகை, தீபாவளிப் பலகாரச் சாமான், பொங்கலுக்கு வெல்லம் என்று ஏதாவது ஒரு வகையில், சரக்கு கொடுக்குமுன்பே பணம் வாங்கிக் கல்லாவில் போடாத கடைக்காரர் நம்மில் குறைவு. அந்தப் பணத்தை எவ்வாறு கருதுவது, சரக்குக்காகக் காத்திருப்பவரை எவ்வாறு நடத்துவது என்பதே இம்மாதப் பாடம். உதாரணம் சற்றுத் தொலைவிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் மின்சாரக் காருக்குப் பதிவு வாங்கிய கதை அது. அளவு பெரிது, கணக்கு நம்முடையதுதான்.

நடந்தது என்ன?

2016 மார்ச் 31 அன்று அந்நிறுவனம் 'மாடல் 3' என்ற காரை அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 35,000 டாலர் என்றது. பதிவுத் தொகை 1,000 டாலர். வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்கும். வண்டியைக் கண்ணால் பார்க்குமுன்பே மக்கள் காட்சிக்கூட வாசல்களில் வரிசையில் நின்றார்கள். ஒரே வாரத்தில் சுமார் 3,25,000 பதிவுகள். முன்பணம் மட்டும் 32.5 கோடி டாலர்!

2017 கடைசியில் வண்டி தரத் தொடங்குவோம் என்று தவணை சொன்னார்கள். 2017 ஜூலை 28 அன்றே முதல் 30 வண்டிகளைக் கொடுத்தும் விட்டார்கள். தவணைக்கு முன்பே வந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர்களே. அந்த ஜூலை-செப்டம்பர் காலாண்டில் 1,500க்கு மேல் செய்வதாகச் சொல்லி, 260 வண்டிகளே செய்ய முடிந்தது. 2017 முடிவதற்குள் வாரம் 5,000 என்ற இலக்கை 2018 ஜூன் கடைசியில்தான் எட்டினார்கள்.

தாமதம் ஏன்?

முக்கிய காரணம் பாட்டரி. நெவாடா மாநிலத்துத் தொழிற்சாலையில் பாட்டரித் தொகுதிகளைப் பூட்டும் பிரிவு தடுமாறியது. மற்ற பாகங்கள் எல்லாம் தயாராக இருந்தாலும் பாட்டரி இல்லாமல் வண்டி வெளியேறாது. மனிதர் செய்யக்கூடிய வேலைகளையும் இயந்திரங்களிடம் அளவுக்கு மீறி ஒப்படைத்தது தவறு என்று நிறுவனத் தலைவர் எலான் மஸ்க்கே 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார்.

நம் கடையிலும் இதுதான். கல்யாண லிஸ்டில் அறுபது சாமான் இருக்கலாம். ஐம்பத்தொன்பது கட்டி வைத்துவிட்டோம், நெய் டின் மட்டும் வரவில்லை என்றால் சமையற்காரருக்கு நம் கடை சரக்குத் தரவில்லை என்றுதான் பொருள்.

காத்திருந்தவருக்கு என்ன நஷ்டம்?

அமெரிக்காவில் மின்சாரக் கார் வாங்குவோருக்கு அப்போது 7,500 டாலர் வரை வருமான வரிச் சலுகை இருந்தது. ஒரு நிறுவனம் 2 லட்சம் வண்டிகள் விற்றதும் சலுகை படிப்படியாகக் குறையும். டெஸ்லா 2018 ஜூலையில் அந்த எண்ணிக்கையை எட்டியது. 2019 ஜனவரி 1 முதல் அதன் வண்டிகளுக்குச் சலுகை 3,750 டாலர். ஜூலை முதல் 1,875. ஆண்டு முடிவில் ஒன்றுமில்லை.

நிறுவனமோ விலை கூடிய வகைகளையே முதலில் செய்தது. 35,000 டாலர் வண்டிக்கு ஆர்டர் எடுத்தது 2019 பிப்ரவரி 28 அன்றுதான். ஆகவே, குறைந்த விலையை நம்பி முதல் நாளே வரிசையில் நின்றவருக்கு முழுச் சலுகை போயிற்று. கையில் அதிகப் பணம் இருந்தவருக்கு வண்டியும் முன்னால் வந்தது, சலுகையும் கிடைத்தது.

2016இல் நம் நாட்டிலிருந்தும் சிலர் ஆயிரம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 66,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தார்கள். 2025இல்தான் நிறுவனம் அந்தப் பழைய பதிவுகளுக்குப் பணத்தைத் திருப்பத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் மும்பையில் முதல் காட்சிக்கூடம் திறந்தபோது விற்பனைக்கு வந்தது 'மாடல் ஒய்' என்ற வேறு வண்டி!

நாம் கற்க வேண்டியவை

1. முன்பணம் விற்பனையன்று. பேரேட்டில் வாடிக்கையாளர் பெயரில் தனிப் பக்கம் போட்டு வரவு வையுங்கள். ஐந்தொகையில் அது பொறுப்புகள் பக்கம் நிற்க வேண்டிய தொகை. 2017 ஆகஸ்டுக்குள் 'மாடல் 3' பதிவுகளில் சுமார் 63,000 ரத்தாகிவிட்டன என்பதை நினைவில் வையுங்கள்.

2. சீட்டுக் கொடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் முன்பணம் வாங்கும்போது அதற்குரிய ரசீதும், சரக்குத் தராமல் பணத்தைத் திருப்பும்போது அதற்கொரு சீட்டும் தர வேண்டும் என்பது சட்டம்.

3. விலையை எழுதுங்கள். இடையில் எண்ணெய் விலையோ வரியோ மாறினால் யார் ஏற்பது என்பதை முன்பணம் வாங்கும்போதே பேசி, சீட்டில் குறித்துவிடுங்கள்.

4. தாமதமாக வரும் சரக்கை வைத்தே தேதி சொல்லுங்கள். முகூர்த்த நாள் நமக்காகத் தள்ளிப் போகாது.

5. வரிசையை மாற்றாதீர்கள். பெரிய லிஸ்ட் வந்ததென்று சிறிய லிஸ்டைத் தள்ளி வைத்தால், முதலில் நம்பி வந்தவரையே தண்டித்தவர்களாவோம்.

6. தாமதம் தெரிந்த அன்றே நாமே சொல்லி அனுப்ப வேண்டும். நாலு நாள் முன்னதாகத் தெரிந்தால் அவர் வேறு கடையிலாவது வாங்கிக்கொள்வார். பணத்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் திருப்பித் தரவேண்டும்.

இன்றிரவே செய்து பாருங்கள்

கடை அடைத்த பின் குறிப்பேட்டை எடுத்து, சரக்குத் தராமல் வாங்கிய முன்பணம் மொத்தம் எவ்வளவு என்று கூட்டுங்கள். அந்தத் தொகை இப்போது கல்லாவிலோ, வங்கியிலோ, அந்த ஆர்டர்களுக்கென்றே வாங்கி வைத்த சரக்கிலோ இருக்கிறதா? இருந்தால் நிம்மதியாக உறங்கலாம். கடை வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் போயிருந்தால், அடுத்தவர் தரும் முன்பணத்தில்தான் முந்தியவர் சரக்கை வாங்கப் போகிறோம். அந்தச் சுழற்சி ஒரு மாதம் தடைப்பட்டால் போதும். கடையின் பெயர் தெருவில் நிற்கும்.

கோடிக்கணக்கில் முதலீடு உள்ள நிறுவனம் தவணை தவறினாலும் தாங்கிக்கொள்ளும். நமக்கோ தெருவில் உள்ளவர் வைத்திருக்கும் நம்பிக்கையே முதல். அதைக் காத்து வாணிபம் செய்வோமாக.