மலைக்குப் போகும் ஆசிரியரும் வெப்பவியல் பாடமும்

பள்ளிப் பிள்ளைகளை மலைக்கும் ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, அங்கேயே பாடம் நடத்துவதைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்கள் உண்டு. இதை வெளிப்புறக் கல்வி என்பர். ஸ்காட்லாந்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரே ஹவுஸ் கல்வியியல் பள்ளியில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு பல ஆண்டுகளாக நடத்தப்பட்டு வந்திருக்கிறது. "மலை ஏறத் தெரிந்தால் போதாதா? இதற்கு முதுநிலைப் படிப்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். விடைக்கு முன் ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காண்போம்.

1971 நவம்பர் மாதம். எடின்பரோ நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் கெய்ர்ன்கார்ம் மலைக்குச் சென்றார்கள். அதன் உச்சியில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், பரந்த மேட்டுநிலம் இருக்கிறது. இரு குழுக்களாகப் பிரிந்து நடந்தவர்களில் ஒரு குழு பனிப்புயலில் சிக்கியது. நாடிச் சென்ற தங்குகுடிலை அவர்களால் அடைய முடியவில்லை. திறந்த வெளியில் இரண்டு இரவுகள் கழிந்தன. மாணவ மாணவியர் ஐவரும் பயிற்சி பெற்றுவந்த இளம் உதவியாளர் ஒருவரும் குளிரினால் உயிரிழந்தனர்.

குளிர் எப்படிக் கொல்கிறது? நம் உடலின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். உடலின் உட்பகுதி 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிடும். மலையில் உடல் வெப்பத்தைப் பறிப்பவை மூன்று.

முதலாவது, உயரம். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

இரண்டாவது, காற்று. உடலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை அது அடித்துச் சென்றுவிடும். வெப்பநிலை 0 டிகிரியாக இருந்தாலும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது –8 டிகிரி போலத் தோன்றும்.

மூன்றாவது, ஈரம். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஈரம் ஆவியாகவும் வெப்பம் வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நனைந்த உடையில் 500 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. ஆக, 500 × 2,400 = 12,00,000 ஜூல். இவ்வளவும் உடலிலிருந்தே போவதாகக் கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் உடல் விநாடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தையே உண்டாக்கும். அப்படியானால் அரை லிட்டர் ஈரம் விழுங்குவது, 12,000 விநாடிகளில், அதாவது 3 மணி 20 நிமிடங்களில், உடல் ஈட்டிய வெப்பம் முழுவதையும்!

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. உடல் குளிரக் குளிர மூளையும் மந்தமாகும். கால் தடுமாறும், பேச்சுக் குழறும். ஆனால் தமக்கு ஆபத்து வந்திருப்பது அவருக்கே விளங்காது. வழிநடத்தும் ஆசிரியருக்கும் இதே கதிதான்.

ஆகவே, எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை மனம் தெளிவாக இருக்கும்போதே, அடிவாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். குழுவில் யார் மிகவும் மெலிந்தவரோ அவரை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

மலையில் குழுவை நடத்தும் திறனுக்கான சான்றிதழ்ப் பயிற்சி பிரிட்டனில் 1964ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. 1971ஆம் ஆண்டுத் துயரத்துக்குப் பிறகு, தலைவர்களுக்குத் தகுந்த பயிற்சி வேண்டும் என்பது மேலும் வலியுறுத்தப்பட்டது. மேட்டுநிலத்தில் இருந்த குடில்கள் சிலவும் அகற்றப்பட்டன. குடில் இருக்கிறது என்ற நம்பிக்கையே ஆளை ஆபத்துக்குள் இழுத்துவிடும் அல்லவா?

கயிறும் வரைபடமும் கையாளும் திறமை சான்றிதழ்ப் பயிற்சியில் கிடைக்கும். இளையோர் அனுபவத்திலிருந்து எப்படிக் கற்கிறார்கள், இயற்கையை எப்படி அறிமுகப்படுத்துவது, ஆபத்தை எப்படி எடைபோடுவது என்பவற்றை ஆராய்வது முதுநிலைப் படிப்பின் வேலை.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு புட்டிகளில் வெதுவெதுப்பான நீரை நிரப்புங்கள். ஒன்றில் உலர்ந்த துணியையும் மற்றதில் ஈரத்துணியையும் சுற்றி, மின்விசிறியின் முன் வையுங்கள். 5 நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். ஈரத்துணிப் புட்டியின் எண்கள் இறங்கும் வேகத்தைப் பார்த்தால், மழையில் நனைந்த தோழனுக்கு முதலில் உலர்ந்த உடை கொடுக்க வேண்டும் என்பது ஒருநாளும் மறக்காது.