புது பேட்டரி வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

விடிகாலையில் லோடோடு நிற்கும் லாரியில் சாவியைத் திருப்புகிறார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாமக்கல் பக்கம் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பத்து அடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூடத் தீர்ப்பு சொல்லிவிடுவார்: “பேட்டரி போயிடுச்சுங்க.”

போயிருக்கலாம். ஆனால் வெகுகாலம் வடநாட்டு லைனில் ஓட்டிவிட்டு இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கும் ஒருவர், பேட்டரிக் கடையைக் கடைசியாகத்தான் நினைக்கிறார். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு கிளீனரை செல்ஃப் அடிக்கச் சொல்வார். வெளிச்சம் அடியோடு செத்தால் பேட்டரியிலோ, கேபிள் இணைப்பிலோ கோளாறு. வெளிச்சம் அசையாமல் நின்று ‘டக்’ மட்டும் கேட்டால் சோலினாய்டையும் செல்ஃப் மோட்டாரையும் பார்க்க வேண்டும். இதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை.

அவருடைய மைத்துனர் வண்டி பாடி வேலை முடிந்து புத்தம் புது பெயின்டோடு பட்டறையிலிருந்து வந்தது. சில நாளில் செல்ஃப் எடுக்கவில்லை. ஜோடி பேட்டரி புதிதாக வாங்கிப் போட்டார்கள்; மறுபடி அதே ‘டக்’. வந்த எலக்ட்ரீஷியன் பேட்டரிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “பேட்டரிய உடுங்ணா, எர்த்து புடிக்கற எடத்துல பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க” என்றார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கியதும் இன்ஜின் எடுத்துக்கொண்டது. மீட்டர் கையில் இருப்பவர்கள் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கனரக லாரி ஓடுவது 24 வோல்ட்டில். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து அளப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 24.4 வோல்ட் வந்தால் ‘பரவாயில்லை’ என்று தோன்றும். தனித்தனியாக அளந்தால் ஒன்று 12.7, மற்றொன்று 11.7 என்று இருக்கும். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6க்குக் குறையாது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்: மற்ற செல்களில் 1.250 இருக்க, ஒன்று மட்டும் 1.200க்குக் கீழே கிடந்தால் அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

பேட்டரி நல்லதென்றால் அடுத்தது டைனமோ. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 27.5 முதல் 28.5 வோல்ட் வரை வர வேண்டும். 26ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டையும் கார்பனையும் பார்க்க வேண்டும். 30ஐத் தொட்டால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. தண்ணீர் அடிக்கடி வற்றுவது அதனால்தான். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டே இருப்பதால் அது தீராது.

இத்தனைக்கும் மேலே நம்மூர் லாரிகளுக்கே உரிய ஒரு வியாதி உண்டு. பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுவார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் அரைப்பட்டினி. கூட இருப்பதற்கோ மிதமிஞ்சிய சார்ஜ். சில மாதத்தில் ஒன்று சல்பேட் பிடித்தும் மற்றொன்று தண்ணீர் வற்றியும் போகும், பழி கம்பெனி மேல் விழும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டால் முடிந்தது; ஒரு பேட்டரி விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

இவ்வளவும் பார்த்த பிறகும் பேட்டரிதான் குற்றவாளி என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர்-ஹவர், ஒரே சமயத்தில் தயாரானவை. பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், புதியது நிரம்பாமலே ஓடும். நல்ல நிலையில் இருக்கும் பழையதை வீணாக்க மனம் வராது, உண்மைதான். அதே வயதுள்ள இன்னொரு வண்டிப் பேட்டரியோடு அதை ஜோடி சேர்க்கலாம்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் 150 ஆம்பியர்-ஹவர் என்றுதான் எழுதியிருக்கும். அதை லாரியில் வைக்கக் கூடாது. மெதுவாக, மணிக்கணக்கில் கரன்ட் கொடுக்கத் தடித்த பிளேட்டோடு செய்யப்பட்டது அது. செல்ஃப் மோட்டாரோ சில நொடிக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அதைக் கொடுக்க மெல்லிய பிளேட்டுகள் நிறைய வேண்டும். கடையில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் வேறு எடுக்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். வாரன்டி கார்டில் தேதியும் வண்டி எண்ணும் எழுதி வாங்குவதை அவசரத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வரிசை மாறினால் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் சேசிஸைத் தொட்ட கணமே பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருவதால், பீடியோடு குனிபவர்களை விரட்டிவிடுவதுதான் நல்லது. பிடிமானக் கிளாம்பை இறுக்காமல் விட்டால் மோசமான ரோட்டின் குலுக்கலில் பிளேட்டில் இருக்கும் சரக்கு உதிர்ந்து அடியில் சேரும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கலந்த வெந்நீர் எடுத்துவிடும், மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். காய்ந்ததும் வாசலின் பூசினால் போதும்.

2020க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாவியை அணைத்ததும், புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூவின் பம்ப், குழாயில் இருப்பதைத் திரும்ப இழுத்துக்கொள்ளச் சற்று நேரம் கரன்ட் வேண்டும். உடனே பேட்டரி சுவிட்சை அணைத்தால் குழாயிலேயே உப்புக் கட்டும். ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும்.